வரவேற்பின் பெயரில் ஒரு பாலம்

மெல்பேர்ண் நகரின் நடுவே, யாரா நதியின் வடகரையில் பிரரங் மார் என்றொரு பூங்கா உண்டு. புகையிரதத் தண்டவாளங்கள் கிடந்த நிலம் பூங்காவாக்கப்பட்டு, 2002 ஆம் ஆண்டு மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்குக் கிழக்கே அவுஸ்திரேலியப் பகிரங்க ரெனிஸ் போட்டிகள் நடைபெறும் அரங்குகள். இரண்டையும் பட்மன் அவெனியூ எனும் பெருவீதி பிரித்து நின்றது.

போட்டி முடிந்ததும் பல்லாயிரம் பேர் ஒரே வேளையில் வெளியேறுவர். அவர்களுள் முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் இருப்பர். இத்தகைய இடத்தில் அமையும் பாலம் நெருக்கடியைத் தாங்கும் அகலமும் ஏறுவோரைக் களைப்படையச் செய்யாத சரிவும் கொண்டிருத்தல் வேண்டும். அதேவேளை, பூங்காவில் தொடங்கும் நடையை அரங்கின் வாயில்வரை அறுபடாமல் கொண்டுசேர்க்கவும் வேண்டும். அத்தேவைக்காக ஜோன் வார்ட்ல் கட்டடக் கலைஞர் குழுவினர், அமெரிக்காவின் நாடா நிறுவனத்தாருடன் இணைந்து வடிவமைத்த பாதசாரிகள் பாலம் 2017 ஜனவரியில் திறக்கப்பட்டது.

அதன் பெயர் தண்டெரம். இங்கேதான் வரலாறு குறுக்கிடுகிறது.

தண்டெரம் என்பது அந்நிலத்தின் ஆதிக்குடிகளான குலின் மக்களின் வரவேற்புச் சடங்கு. வந்தவருக்கு இலை தழைகளைக் கையளித்து, தமது நிலத்தின் வளங்களைத் தற்காலிகமாக நுகர அனுமதி வழங்குவர். விருந்தினர் அந்நிலத்தின் ஒழுங்குகளுக்கு அமைந்து நடத்தல் கடமை. அது விருந்தோம்பலேயன்றி விற்பனையன்று.

வீதியின் பெயருக்குரியவரோ ஜோன் பட்மன். 1835 ஜூனில் போர்வை, கத்தி, கோடரி, முகம் பார்க்கும் கண்ணாடி, மா முதலியவற்றைக் கொடுத்து, ஏறத்தாழ 600,000 ஏக்கர் நிலத்தை ஆதிக்குடி மூத்தோரிடம் வாங்கிவிட்டதாகப் பத்திரம் எழுதியவர். மூத்தோர் அந்நிகழ்வைத் தண்டெரம் சடங்காகவே கருதியிருக்கக்கூடும் என்பது வரலாற்றாய்வாளர் சிலரின் கருத்து. அதே ஆண்டு ஓகஸ்டில் தேசாதிபதி பேர்க் அப்பத்திரத்தைச் செல்லாததாக்கினார். பட்மன் ஏமாற்றினார் என்பது அவர் கூறிய காரணமன்று. நிலம் முடிக்குரியது, விற்பதற்கு ஆதிக்குடிகளுக்கு உரிமையே இல்லை என்பதே காரணம். இந்தக் கோட்பாட்டை நாட்டின் உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் நிராகரிக்க 1992 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பட்மன் வந்தபோது சிறுவனாக உடனிருந்த வில்லியம் பராக், பின்னாளில் தம் மக்களின் உரிமைக்காக வாதாடிய தலைவரானார். அதே பூங்காவிலிருந்து மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்தை நோக்கிச் செல்லும், 2006 பொதுநலவாய விளையாட்டுக்களுக்காகக் கட்டப்பட்ட பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்று பட்மனின் வீதி கீழே கிடக்க, தண்டெரம் அதன் மேலாகச் செல்கிறது. பெயர் சூட்டியதால் பறிபோன நிலம் மீண்டுவிடாது. ஊர்ப்பெயர்கள் மாற்றப்படுவதன் வலியை அறிந்த நமக்கு, அழிக்கப்பட்ட சொல்லொன்று பொது வெளியில் மீண்டும் எழுதப்படுவதன் பெறுமதியும் புரியும். மெல்பேர்ணில் வாழும் நம்மவர் பலரும் அந்நிலத்திற்கு வந்தேறிய விருந்தினரே. அப்பாலத்தைக் கடக்கையில், விருந்தினருக்குரிய கடமையையும் ஒருகணம் நினைத்துக்கொள்வது நன்று.