ஒரு சாவியும் பதினைந்து ஆண்டுகளும்

எங்கள் பாட்டி வீட்டில் சாமான் அறைக்கு ஒரே ஒரு சாவிதான். அது எப்போதும் பாட்டியின் முந்தானை முடிச்சில் இருக்கும். அரிசி, புளி, ஊறுகாய் ஜாடி எது வேண்டுமானாலும் பாட்டியிடம் சாவியை வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். சின்னக் குடும்பமாக இருந்தவரை சரியாக இருந்தது. மருமகள்கள் ஒவ்வொருவராக வந்த பிறகு காலை வேளையில் அறை வாசலில் ஒரு வரிசையே நிற்கும்.

பணியில் இருந்த காலத்தில் நான் கம்ப்யூட்டர் பிரிவில்தான் காலம் தள்ளினேன். ஓய்வுக்குப் பிறகு லினக்ஸ் வரலாற்றைப் படித்தபோது இந்தச் சாவிதான் நினைவுக்கு வந்தது.

1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கியபோது, ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு பிராசசர் என்பதுதான் வழக்கம். 1996 ஜூனில் வந்த லினக்ஸ் 2.0 முதல்முறையாக ஒன்றுக்கு மேற்பட்ட பிராசசர்களை ஏற்றுக்கொண்டது. அந்த வேலையில் ஆலன் காக்ஸின் பங்கு பெரிது. இயங்குதளத்தின் உள்மையமான கெர்னலுக்குள் இரண்டு பிராசசர்கள் ஒரே நேரத்தில் நுழைந்து, ஒரே பட்டியலைத் திருத்தினால் எல்லாம் குழம்பிவிடும். அதற்கு அவர்கள் கண்ட எளிய வழி, கெர்னல் முழுமைக்கும் ஒரே பூட்டு. ‘பிக் கெர்னல் லாக்’ என்று அதற்குப் பெயர். சாவி உள்ளவர் உள்ளே, மற்றவர் வாசலில்.

இந்தப் பூட்டுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. சாவி வைத்திருப்பவர் உள்ளே கண் அயர்ந்தால், சாவி தானாகவே வெளியே நிற்பவர் கைக்குப் போய்விடும். விழித்ததும் மறுபடி அவர் கைக்கு வரும்.

கெர்னல் எதற்குத் தூங்க வேண்டும் என்று கேட்பீர்கள். நினைவகம் கேட்கும்போது அப்படி நேரலாம். ஒரு நிரல் தனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும் என்று கேட்கிறது. இடம் காலியாக இருந்தால் உடனே கிடைக்கும். இல்லாவிட்டால் பழைய பக்கங்களை டிஸ்கில் எழுதி இடம் ஒழிக்க வேண்டும். அதுவரை கேட்டவர் தூங்கித்தான் ஆக வேண்டும்.

இங்கேதான் ஆபத்து. அரிசி அளந்துகொண்டிருந்த சித்தி ‘மூன்று படி ஆயிற்று’ என்று எண்ணிக்கொண்டே கண் அயர்கிறாள். அந்த நேரத்தில் பெரியம்மா சாவியோடு வந்து மூட்டையை இடம் மாற்றிவிட்டுப் போகிறாள். விழித்த சித்தி எதுவும் தெரியாமல் நான்காவது படியை அளக்கக் கை நீட்டுகிறாள். நினைவகம் தாராளமாக இருக்கும் நாளில் இந்தக் கோளாறு தலைகாட்டாது. நெருக்கடி வரும் நாளில் மட்டும் வரும். சோதனை ஓட்டத்தில் அகப்படாமல் நழுவக்கூடிய ரகம் இது.

சரி, பெரிய பூட்டை எடுத்துவிட்டு ஒவ்வோர் அலமாரிக்கும் ஒரு சின்னப் பூட்டுப் போடலாமே? அப்படித்தான் செய்யத் தொடங்கினார்கள். 1999இல் வந்த 2.2 பதிப்பிலேயே சின்னப் பூட்டுகள் வந்துவிட்டன. ஆனால் அவற்றுக்கு வேறு விதிகள். ‘ஸ்பின்லாக்’ என்ற வகையைப் பிடித்துக்கொண்டு தூங்கவே கூடாது. வெளியே காத்திருப்பவர் உட்காராமல், கதவைத் தட்டிக்கொண்டே நிற்பார். அந்த நிலையில் நினைவகம் கேட்பதானால், ‘தூங்க மாட்டேன், இருந்தால் கொடு, இல்லாவிட்டால் இல்லையென்று சொல்’ என்று கேட்க வேண்டும். இல்லையென்ற பதில் வந்தால் சமாளிக்கவும் வழி வைத்திருக்க வேண்டும். ‘மியூடெக்ஸ்’ என்ற இன்னொரு வகையில் தூங்கலாம், ஆனால் சாவி கையை விட்டுப் போகாது. நான் உன் சாவிக்கும் நீ என் சாவிக்கும் காத்திருந்தால் இருவரும் விடியும்வரை அப்படியே நிற்க வேண்டியதுதான்.

ஆகவே ஒரு பூட்டை மாற்றுவது என்றால் ஒரு வரியை மாற்றுவது அல்ல. அந்தப் பூட்டுக்குள் நடக்கும் ஒவ்வொரு அழைப்பையும் பின்தொடர்ந்து, ‘இங்கே தூங்குமா? இடம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? எந்தப் பூட்டை முதலில் பிடிக்கிறார்கள்?’ என்று ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டும். 2006இல் இங்கோ மோல்நார் முதலியோர் கொண்டுவந்த ‘லாக்டெப்’ என்ற கருவி, பூட்டுகள் பிடிக்கப்படும் வரிசையைக் கண்காணித்து, சிக்கல் வருமுன்பே எச்சரித்தது. அது பெரிய துணை. ஆனாலும் எந்தப் பூட்டு எந்தப் பொருளைக் காக்கிறது என்ற பழைய நோக்கத்தை அதனால் சொல்ல முடியாது. எழுதியவரே மறந்திருப்பார்.

2008இல் பெரிய பூட்டு நடைபெறும் விதத்தால் ஒரு வேகச் சோதனையில் சுமார் 40 சதவீதம் வீழ்ச்சி தெரிந்தது. இனிமேல் இதை வைத்திருக்கக் கூடாது என்று இங்கோ மோல்நார் தனி முயற்சி தொடங்கினார். ‘ரைசர்எஃப்எஸ்’ என்ற கோப்பு முறைமை, தூங்கினால் சாவி கைமாறும் என்பதை நம்பியே எழுதப்பட்டிருந்தது. ஃபிரடெரிக் வைஸ்பெக்கர் அதைப் படித்து, எங்கெங்கே தூங்க நேருமோ அங்கெல்லாம் சாவியை வெளிப்படையாகக் கொடுத்து வாங்கும்படி மாற்றினார். மிச்சமிருந்த நூற்றுக்கணக்கான இடங்களை முடித்துவைத்தவர்களில் ஆர்ண்ட் பெர்க்மான் முக்கியமானவர். 2011 மே மாதம் வந்த 2.6.39 பதிப்பில் பெரிய பூட்டு முழுவதுமாக நீங்கியது. போட்ட பூட்டை எடுக்கப் பதினைந்து ஆண்டுகள்.

இன்று நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் லினக்ஸ் கெர்னல்தான் ஓடுகிறது. அதில் பல பிராசசர் கோர்கள் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடுவதற்கு, இப்படி வரி வரியாகப் படித்தவர்கள் காரணம். புதிதாக ஒன்றைச் செய்தவருக்குப் பெயர் கிடைக்கும். அடுத்தவர் எழுதியதைப் பொறுமையாகப் படித்து, ‘இங்கே ஒரு தவறு இருக்கிறது’ என்று சொன்னவரை யார் நினைக்கிறார்கள்? நானும் அந்த வேலையைச் சில காலம் பார்த்தவன். தவறு நடக்காத நாளுக்கு யாரும் வந்து கை குலுக்குவதில்லை.

பாட்டி காலமான பிறகு சித்தப்பா சாமான் அறையில் தனித்தனி அலமாரி செய்து, தனித்தனிச் சாவி கொடுத்தார். முதல் மாதம் முழுக்க எந்த டப்பா யார் அலமாரியில் இருக்கிறது என்று தேடித் தேடியே வீடு அல்லோலகல்லோலப்பட்டது. பிறகு பழகிவிட்டது. பாட்டியின் பழைய சாவியை மட்டும் யாரும் தூக்கிப் போடவில்லை. பூஜை அலமாரியில் வெகுநாள் கிடந்தது.