பாளையப்போர்க் காலத்தில் படை மீதான சிவில் அதிகாரம் (சங்கரன்கோவில் வட்டாரம்)

திருநெல்வேலிச் சீமைக்கு 1755 முதல் 1801 வரை படை அனுப்பிய சென்னைக் கும்பினிக் (ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி) கவுன்சில், அந்தப் படைத் தலைவர்களைத் தன் சொல்லுக்குள் வைத்திருக்க முயன்றதும் பலமுறை முடியாமல் போனதும் இத்தலைப்பில் அடங்கும். இன்றைய தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகள் இதில் முக்கியக் களங்கள். முதல் பத்தாண்டுகளின் செய்திகள் ராபர்ட் ஓர்மின் போர் வரலாற்றிலும் கவுன்சில் ஆவணங்களிலும் நிறையக் கிடைக்கின்றன. பின்வந்தோர், கால்டுவெல் உட்பட, பெரிதும் ஓர்மையே பின்பற்றினர்.

மதுரை நாயக்கர் ஆட்சியில் வரி தண்டுபவரும் படை நடத்துபவரும் பாளையக்காரர் ஒருவரே. 1736இல் அந்த ஆட்சி முடிந்தது. 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வாருதீன் இறந்தபின், ஆர்க்காட்டுப் பட்டத்துக்கான சண்டையில் அவர் மகன் முகமது அலியின் பக்கம் கும்பினி நின்றது. படைச் செலவுக்கு ஈடாகத் தென்சீமை வரி காட்டப்பட்டது.

1755இன் தொடக்கத்தில் கர்னல் அலெக்சாண்டர் ஹெரான் 500 ஐரோப்பியரோடும் 2,000 சிப்பாய்களோடும் தெற்கே வந்தார். நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் உடன் வந்தார். நாட்டை நவாபுக்குப் பணிய வைப்பதே ஹெரானுக்கு இடப்பட்ட வேலை. அவரோ மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 15 இலட்சம் ரூபாய்க்கு மாபூஸ்கானிடம் தாமே குத்தகைக்கு விட்டார். களத்தில் நிற்கும் ஓர் அதிகாரி, கவுன்சிலைக் கேளாமல் ஒரு நாட்டின் வருவாயையே கைமாற்றிய செயல் இது. பின்னர் நெற்கட்டும்செவல் கோட்டை முன் நின்று அதன் பாளையக்காரர் புலித்தேவரிடம் 20,000 ரூபாய் கேட்டார். மதிலை உடைக்கும் பெரிய பீரங்கிகள் அவரிடம் இல்லை. படைக்கு உணவும் பணமும் குறைந்திருந்தன. புலித்தேவர் கொடுக்க மறுத்தார், படை திரும்பியது. திருமோகூர் எனப் பலரும் கருதும் கோயிலிலிருந்து ஹெரானின் படை எடுத்துச்சென்ற திருவுருவங்களைக் கள்ளர் குலத்தினர் நத்தம் கணவாயில் தாக்கி மீட்டனர். சென்னையில் இராணுவ நீதிமன்றம் ஹெரானை விசாரித்துக் கும்பினிப் பணிக்குத் தகுதியற்றவர் எனத் தீர்த்தது. அப்போது ஆளுநர் ஜார்ஜ் பிகாட். ஓர் ஆட்சிமன்றம் தன் தளபதியைக் கணக்குக் கேட்ட தொடக்ககால நிகழ்வாக இது நினைக்கத்தக்கது.

அடுத்து அனுப்பப்பட்டவர் சிப்பாய்ப் படைகளின் கமாண்டன்ட் முகமது யூசுப்கான். இவர் இராமநாதபுரச் சீமைப் பனையூரில் மருதநாயகம் என்ற பெயரில் பிறந்தவர் என்பது பெருவழக்கு. சங்கரன்கோவில் அருகிலுள்ள பனையூர் வேறு. மாபூஸ்கான் கலகம் செய்து புலித்தேவருடன் சேர்ந்துகொண்டார். 1757 செப்டம்பரில் மதுரைக் கோட்டையைக் கும்பினி 1,70,000 ரூபாய் கொடுத்தே மீட்டது. 1759இல், நவாபின் எதிர்ப்பையும் மீறி, பிகாட்டின் கவுன்சில் இரு சீமைகளின் குத்தகையையும் யூசுப்கானிடம் தந்தது. இதனால் படையும் கருவூலமும் மீண்டும் ஒரே கைக்கு வந்தன. ஹெரானிடம் குற்றமாகக் கண்டதைக் கவுன்சில் இம்முறை தானே ஏற்பாடு செய்தது எனலாம்.

வாசுதேவநல்லூரின் மண்மதில் செங்கல்லைப் போல இறுகியிருந்ததால் யூசுப்கானின் முதல் முற்றுகை பலிக்கவில்லை. 1761இல் மூன்று கோட்டைகளும் விழுந்தன. புலித்தேவர் இராமநாதபுரத்துக் கடலாடிக்குச் சென்றதாகக் கூறுவர்.

யூசுப்கான் கவுன்சிலை மீறியது எப்போது, எதனால் என்பதில் கருத்தொற்றுமை இல்லை. வருவாய் முழுவதையும் தம்மிடமே வைத்துக்கொள்ள நினைத்தார் என்பது ஒரு கருத்து. கும்பினியின் ஊழியரைத் தம் ஊழியராக்க நவாபு செய்த முயற்சியே அவரை விளிம்புக்குத் தள்ளியது என்பது மற்றொன்று. சென்னைக்கு வரச்சொன்ன அழைப்புகளுக்கு அவர் இணங்கவில்லை. மதுரையில் பிரெஞ்சுக் கொடி ஏற்றினார். 1763இல் தொடங்கிய முற்றுகையை ஓராண்டுக்கு மேல் தாங்கினார். 1764 அக்டோபர் 13இல் உடனிருந்த திவான் சீனிவாசராவும் பிரெஞ்சு அதிகாரி மார்ச்சந்தும் அவரைப் பிடித்துக்கொடுத்தனர். அக்டோபர் 15இல் தூக்கிலிடப்பட்டார். தான் வளர்த்த தளபதியை விசாரணையின்றி நவாபிடம் விட்டதில் கும்பினியின் பொறுப்பு எவ்வளவு என்பது இன்றும் பேசப்படுகிறது. மக்கள் நினைவில் அவர் ‘கான்சாகிபு’. அவரைப் பற்றிய கதைப்பாடலை ந. வானமாமலை பதிப்பித்தார்.

புலித்தேவர் திரும்பிவந்து மீண்டும் எதிர்த்தார். 1767இல் கர்னல் டொனால்டு கேம்பல் வாசுதேவநல்லூரைப் பிடித்தார். பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே உடைப்புகளை அடைத்த வீரர்களின் துணிவை எதிரியான கேம்பலே வியந்து எழுதினார். புலித்தேவரின் முடிவு பற்றி உறுதியான செய்தி இல்லை. சிறைப்பட்டுச் செல்லும் வழியில் சங்கரன்கோவில் சங்கரநாராயணரை வணங்க அனுமதி பெற்றார், கோயிலுக்குள் சென்றவர் சோதியில் கலந்து மறைந்தார் என்பது இவ்வட்டாரம் அன்போடு காத்துவரும் மரபு. கோயிலில் புலித்தேவர் அறை ஒன்று காட்டப்படுகிறது.

சிவில் அதிகாரத்துக்கும் படைக்கும் இடையிலான மோதல் சென்னையிலும் வெடித்தது. 1776 ஆகஸ்டு 24இல் ஆளுநர் பிகாட்டையே, அவரை எதிர்த்த கவுன்சில் பெரும்பான்மையினர் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டைக் கொண்டு கைது செய்தனர். அடுத்த ஆண்டு அவர் காவலிலேயே இறந்தார். 1783இல் ஆளுநர் மக்கார்ட்னி அதே ஸ்டூவர்ட்டைத் தளபதிப் பதவியிலிருந்து நீக்கிக் கைது செய்தார்.

தெற்கில், 1799இல் பாளையக்காரரைத் தண்டிக்கும் அதிகாரம் மேஜர் பானர்மனிடம் தரப்பட்டது. அக்டோபர் 16இல் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் போர்கள் முடிந்தன.

இன்று, இந்திய அரசியலமைப்பின் 53ஆம் பிரிவு முப்படைகளின் உயர் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைக்கிறது. கூட்டத்தைக் கலைக்கப் படையை அழைக்கும் அதிகாரம் நிர்வாக நடுவருடையது. 2024 ஜூலை முதல் இது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி நடக்கிறது. அன்று போர்க்களமாயிருந்த நெற்கட்டும்செவலில் இப்போது தமிழ்நாடு அரசின் புலித்தேவர் நினைவிடம் உள்ளது. செப்டம்பர் 1 அவர் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது.