காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக்கின் ‘தனிமரம்’: மேய்ச்சல் நிலக்காட்சி வரலாற்றுச் சான்றாகுமா?

முன்னுரை

நிலக்காட்சி ஓவியங்களைக் கடந்தகால வாழ்வின் நேரடிப் பதிவுகளாகக் கொள்ளும் போக்கு வரலாற்றெழுதியலில் உண்டு. ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் (1774–1840) 1822இல் வரைந்த ‘தனிமரம்’ என்னும் எண்ணெய்வண்ண ஓவியத்தை முன்வைத்து, அப்போக்கின் எல்லையை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓவிய அமைப்பு

55 செ.மீ. உயரமும் 71 செ.மீ. அகலமும் கொண்ட இவ்வோவியத்தின் நடுவில் முதிர்ந்த ஓக் மரம் ஒன்று நிற்கிறது. கீழ்க்கிளைகள் தழைத்திருக்க, பட்டுப்போன அதன் உச்சி மலைவரையைத் தாண்டி வானில் எழுகிறது. அடிமரத்தில் சாய்ந்திருக்கும் இடையர் மிகச் சிறிய உருவமாகவே தெரிகிறார். சுற்றிலும் ஆடுகள், முன்புறம் குட்டை, அப்பால் ஊர், தொலைவில் நீல மலைகள்.

ஃபிரீட்ரிக் பல இடங்களில் வரைந்த கோட்டோவியங்களை ஓவியக்கூடத்தில் இணைத்துக் காட்சியை உருவாக்குபவர். ஆகவே, இதனைக் குறிப்பிட்ட ஓர் ஊரின் படமாகக் கொள்ள இயலாது.

காலப் பின்னணி

பெர்லின் வங்கியாளர் வாகனர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, காலைக் காட்சியாக இதுவும் மாலைக் காட்சியாக ‘கடல்மேல் நிலவெழுச்சி’யும் இணை ஓவியங்களாக வரையப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டில், 1821 ஜூன் 7 அன்று, பிரஷ்ய அரசு பொதுநிலப் பிரிவினைச் சட்டத்தைப் பிறப்பித்தது. பொது மேய்ச்சல் நிலங்கள் தனியுடைமைகளாகப் பிரிக்கப்பட வழி பிறந்தது. சிறுநிலத்தாரும் நிலமற்றோரும் தம் கால்நடைகளுக்கான ஆதாரத்தை இழக்க நேர்ந்தது.

எனவே, பட்டுப்போன மரவுச்சியை மறையும் மேய்ச்சல் வாழ்வின் குறியீடாகக் காணத் தோன்றும். ஆனால், ஃபிரீட்ரிக் வாழ்ந்த டிரெஸ்டன் நகரம் சாக்சனியைச் சேர்ந்தது. அங்கு இத்தகைய சட்டம் 1832இல்தான் வந்தது. மேலும், போர்ஷ்-சூபன் போன்ற ஆய்வாளர்கள் ஃபிரீட்ரிக்கின் இயற்கைக் காட்சிகளைக் கிறித்தவச் சமயப் பொருளில் விளக்கியுள்ளனர். நெப்போலியப் போர்க்காலத்தில் ஓக் மரம் ஜெர்மானியத் தேசிய உணர்வின் அடையாளமாகவும் விளங்கியது. இவற்றுள் ஒன்றை மட்டும் இறுதிப்பொருளாக நிறுவ ஓவியம் இடந்தரவில்லை.

முடிவுரை

1861இல் வாகனரின் 262 ஓவியங்கள் பிரஷ்ய அரசுக்கு உயிலின்வழிச் சேர்ந்து, பெர்லின் தேசியக் கலைக்கூடத்திற்கு அடித்தளமாயின. மேய்ச்சல் நிலங்கள் பிரிக்கப்பட்டுவந்த ஒரு நாட்டில், பிரிவினையற்ற மேய்ச்சல்வெளி வங்கியாளர் இல்லத்திலிருந்து அரசின் கலைச்செல்வமாயிற்று. ‘தனிமரம்’ இடையரின் வாழ்க்கைக்குச் சான்றன்று. இடையர் வாழ்வை நகரத்தார் எவ்வாறு காண விரும்பினர் என்பதற்கே சான்றாகும். இவ்வேறுபாட்டை மறந்தால், வரலாற்றில் ஏற்கெனவே குரலற்றிருக்கும் இடையர் ஓவியத்திலும் மரத்தடி உருவமாகவே எஞ்சுவார்.