எழுதிய அதிகாரமும் எழுதாத அதிகாரமும்

திருவண்ணாமலை மாவட்டத்துச் சீயமங்கலம் போன்ற ஊர்களின் உழவர்களுக்கு நெருக்கமான நிறுவனம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். பயிர்க்கடன், நகைக்கடன், உரம் எல்லாம் அங்கேதான். தமிழக ரேஷன் கடைகளில் பெரும்பாலானவையும் கூட்டுறவின் பொறுப்பில் உள்ளன. இந்தச் சங்கத்தையும் சீன நிறுவனம் ஒன்றையும் அருகருகே வைத்தால், நிர்வாகத்தில் கட்சி நுழையும் இரு வழிகள் தெளிவாகும்.

சீனத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் இடம் எழுத்தில் இருக்கிறது. மூன்று கட்சி உறுப்பினர்களாவது உள்ள நிறுவனத்தில் கிளை அமைய வேண்டும் என்கிறது கட்சி விதி. 2016இல் அதிபர் ஷி ஜின்பிங் வற்புறுத்திய பிறகு, அரசு நிறுவனங்கள் தம் அமைப்பு விதிகளையே திருத்தின. முக்கிய முடிவுகள் கட்சிக் குழுவைத் தாண்டித்தான் இயக்குநர் குழுவுக்கு வரும்.

இங்கே கூட்டுறவுத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஆனாலும் தலைவர் எந்தக் கட்சிக்காரர் என்பது ஊரறிந்த சேதி. 2013, 2018 தேர்தல்கள் அ.தி.மு.க. ஆட்சியில் நடந்தன. 2021இல் தி.மு.க. வந்தது, 2022 ஜனவரியில் நிர்வாகக் குழுவின் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை மூன்றாகக் குறைக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆனாலும் 2018இல் தேர்வானவர்களின் ஐந்தாண்டுக் காலம் 2023இல் முடிந்த பிறகே அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள்.

கடனும் பொருளும் மக்களைச் சேரும் விநியோகச் சங்கிலிக்கு இந்த இரண்டு வழிகளிலும் ஆபத்து உண்டு. சீனத்தில் மேலிடம் முடிவெடுத்தால் தயக்கமின்றி நடக்கும். அந்த முடிவு தவறினாலும் அப்படியே நடக்கும். கோவிட்டை அடியோடு ஒழிப்பது என்ற கட்சிக் கொள்கையால் 2022 நவம்பரில் ஐபோன் தயாராகும் செங்சௌ ஆலைப் பகுதி பூட்டப்பட்டது. ஐபோன் வரத்து தாமதமாகும் என்று ஆப்பிள் அறிவித்தது.

இங்கே முடிவு தேர்தல் நாட்காட்டியோடு வருகிறது. 2021 பிப்ரவரியில், சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, ரூ.12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானது. உழவருக்கு நிம்மதிதான். சங்கமோ அரசு ஈடு தரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அடுத்த போகக் கடனுக்குக் கையிருப்பு குறையும்.

சீனத்தில் பொறுப்பாளி யார் என்பது தெரியும், அவரை மாற்றும் வாய்ப்பு உறுப்பினருக்கு இல்லை. இங்கே வாய்ப்பு சட்டத்தில் இருக்கிறது, தேர்தல் நடக்காதபோது அது பயன்படாது. தனி அலுவலர் பதில் சொல்வது துறைக்கே. கட்சியை விரட்டுவது இயலாத காரியம். உரிய நேரத்தில் சங்கத் தேர்தல், தள்ளுபடியோடு ஈட்டுத் தொகைக்கும் தேதி: இவ்விரண்டும் இருந்தால் எந்தக் கட்சி வந்தாலும் உழவர் கடனுக்கும் உரத்துக்கும் நம்பி வருவார்.