மலைநாட்டு அடுக்களையில் இனிப்புப்புளிச் சட்னி: ஒரு வரலாற்று நோக்கு

அரசர் ஆண்ட ஆண்டுகளையும் படைகள் பொருத களங்களையும் நிரல்படத் தொகுத்துரைப்பதே வரலாறு என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலம் நிலவி வந்தது. மக்கள் உண்டதும் உடுத்ததும் வரலாற்றின்பாற் படுவனவே என்பதை அறிஞர் இன்று ஒப்புவர். ஓர் இனம் எங்கிருந்து வந்தது, யாரோடு கலந்தது, எதனை இழந்தது, எதனைக் கைவிடாது காத்தது என்பனவற்றை அதன் கல்வெட்டுகள் கூறாதவிடத்தும் அதன் அடுக்களை கூறும். இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, திம்புள்ள எனப்படும் தேயிலைப் பகுதியிலே, உலர்ந்த பழங்களைப் புளிப்பும் இனிப்பும் காரமும் கூட்டிக் காய்ச்சிப் போத்தலில் அடைத்து வைக்கும் சட்னியொன்று உண்டு. அதனைச் சான்றாகக் கொண்டு அம்மலைநாட்டு மக்களின் வரலாற்றை ஒருசிறிது நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

சொல்லும் சுவையும்

முதற்கண் சொல்லை ஆராய்வாம். சட்னி என்பது தமிழ்ச் சொல்லன்று. நக்குதல் என்னும் பொருள்தரும் 'சாட்னா' என்ற இந்தி வினையடியாகப் பிறந்தது அது. நாவினால் தொட்டு நக்கிச் சுவைத்தற்குரியது என்பது அதன் பொருள். தமிழர் இவ்வகை உணவுக்கு வழங்கிய பெயர் துவையல் என்பதாம். அம்மியில் வைத்துத் துவைத்தலால் அப்பெயர் பெற்றது. ஆகவே வடநாட்டார் உண்ணும் முறையை நோக்கிப் பெயரிட, தமிழர் செய்யும் முறையை நோக்கிப் பெயரிட்டனர் எனலாம்.

பெயர் புறத்தேயிருந்து வந்ததாயினும் சுவை புறத்தேயிருந்து வந்ததன்று. குறுந்தொகையின் 167 ஆம் பாட்டிலே, புதிதாக இல்லறம் புகுந்த இளமகள் ஒருத்தி தன் கையாலே சமைத்த, இனிமையும் புளிப்பும் கலந்த குழம்பினைக் கணவன் உவந்துண்ட காட்சியைக் கூடலூர் கிழார் தீட்டிக் காட்டுகின்றார். புளிப்போடு இனிப்பைக் கூட்டும் பக்குவம் சங்ககாலத்து அடுக்களையிலேயே பாராட்டப்பெற்ற பக்குவம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. சித்திரைப் புத்தாண்டில் மாங்காயும் வெல்லமும் வேப்பம்பூவும் சேர்த்து ஆக்கும் பச்சடியும் அம்மரபின் வழிவந்ததே.

இச்சட்னியில் இடம்பெறும் பண்டங்களின் பெயர்களும் பல தேசத்து வரலாற்றைத் தம்முள் அடக்கியவை. அரபுநாட்டார் நம் புளியைக் கண்டு, தம் நாட்டுப் பேரீச்சம்பழத்தின் பெயரை அதற்குச் சூட்டி, 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீந்து, என்று அழைத்தனர். ஐரோப்பிய மொழிகளில் புளிக்கு வழங்கும் பெயர் அதன் திரிபே. புளியும் பேரீச்சம்பழமும் ஒரே சட்டியில் வெந்து குழையும்போது, அவ்விரண்டையும் பெயரால் உறவாக்கிய பழைய வணிகரை நினையாதிருத்தல் அரிது. இலங்கைத் தமிழில் வழங்கும் வினாகிரி என்னும் சொல் போர்த்துக்கேயருடையது. மிளகாயோ, அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவர்களாற் கொணரப்பட்டது. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் யாவா முதலிய தீவுகளிலிருந்து இங்கு வந்த மலாயர், பேரீச்சம்பழமும் சின்னவெங்காயமும் கடுகும் வினாகிரியும் கூட்டிய அச்சாற்றை இந்நாட்டுக்கு அளித்தனர். இவ்வாறு கரையோரத்திலே இச்சுவை பலர் கைபட்டு வளர்ந்திருந்தது. அது மலையேறிய வரலாற்றை இனிக் காண்பாம்.

திம்புள்ளயும் அதன் மக்களும்

திம்புள்ள என்பது தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை முதலிய இடங்களைச் சூழ்ந்த மலைப்பகுதி. கடல்மட்டத்தினின்று ஏறக்குறைய 1,100 முதல் 1,600 மீற்றர் வரை உயர்ந்தது. இம்மலைகளிலே காட்டை அழித்து முதலில் நடப்பட்டது கோப்பியே. 1869 ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் அப்பயிரைப் படிப்படியாக அழித்தது. 1867 இல் லூல்கந்துறைத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் பயிரிட்டுக் காட்டிய தேயிலை, பின்னர்க் கோப்பியின் இடத்தைக் கைப்பற்றியது. புகையிரதப் பாதை 1884 இல் அட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் அடைந்தது.

கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர், பழம் பறிக்கும் பருவத்தில் வந்து பின் ஊர் திரும்பினர். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து கங்காணிமாரின் பின் புறப்பட்ட அவர்கள், கடல் கடந்து மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். அவ்வழியிலே பசியாலும் பேதியாலும் மாண்டோர் பலர்.

தேயிலையின் இயல்பு வேறு. ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்ப்பதாலும், அதனைப் பறித்தற்குப் பெண்களின் கை வேண்டப்பட்டதாலும், மக்கள் குடும்பமாக வந்து தோட்டத்திலேயே நிலைகொண்டனர். வரலாற்று மாணவர் இவ்விடத்தைக் கருத்தூன்றி நோக்கல் வேண்டும். குடும்பம் வந்தவிடத்தே அடுப்பு வந்தது; அடுப்பின் அருகே அம்மியும் குழவியும் வந்தன. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான லயக் காம்பராவிலே, அப்பாயி அரைத்த பக்குவத்தை மகள் கண்டு பயின்றாள். மலையகத் தமிழரின் சமையல் மரபு நூலால் வந்ததன்று, கையால் வந்தது.

துரையின் மேசை

லயத்துக்கு மேலே, குன்றின் உச்சியிலே, துரையின் பங்களா இருந்தது. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் சட்னியின் சுவையறிந்து, நெடுநாள் கெடாதிருக்கும்படி அதனைச் சீனியும் வினாகிரியும் மிகுத்துக் காய்ச்சினர். புதிதாக அரைத்து அன்றே உண்ணும் துவையல், இவ்வாறு போத்தலில் அடைபட்டுக் கடல்கடக்கும் பண்டமாயிற்று. 1878 இல் சென்னையில் வெளிவந்த கேணல் கென்னி ஹேர்பேட் என்பாரின் சமையல் நூல் கறியோடு சட்னியையும் பேசுகின்றது. 1886 இல் வெளியான 'ஹொப்சன் ஜொப்சன்' என்னும் அகராதியில் சட்னி தனித் தலைச்சொல்லாகவே இடம்பெற்றுள்ளது.

திம்புள்ளப் பங்களாக்களுக்குப் புகையிரதம் கொணர்ந்த பண்டங்களுள் உலர்ந்த திராட்சையும் பேரீச்சம்பழமும் சீனியும் அடங்கும். நுவரெலியாவின் குளிர்ந்த தோட்டங்களில் விளைந்த பழங்களும் மரத்தக்காளியும் அவற்றோடு சேர்ந்தன. சமைக்குமாறு பணித்தவர் துரைசானி; சமைத்தவரோ தமிழராயினும் சிங்களவராயினும் இந்நாட்டு ஏவலாளரே. எவ்வளவு புளிக்கு எவ்வளவு இனிப்பு என்பதை அவர் அளவுகோல் கொண்டு கண்டாரல்லர். தம் வீட்டு நாவால் கண்டார். அவருடைய பெயரோ அக்காலத்துச் சமையல் ஏடுகளிற் பெரும்பாலும் காணப்படுவதில்லை.

1929 ஆம் ஆண்டின் இரு சான்றுகள்

இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டும் இரண்டு சான்றுகள் ஒரே ஆண்டில் அமைந்தன. 1929 இல் ஹில்டா டொயிற்றம் தொகுத்த 'சிலோன் டெயிலி நியூஸ்' சமையல் நூல் ஆங்கிலத்தில் முதன்முதல் வெளிவந்தது. இலங்கையின் பல்வகை உணவுகளையும் எழுத்திற் பதித்து நிலைபெறச் செய்த பெருமை அந்நூலுக்கு உண்டு. அது பல பதிப்புகள் கண்டு இன்றும் பயிலப்படுகின்றது.

அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்தது, 1927 ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். அதன்படி மலைநாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவர்க்கு 32 சதமும் கூலியாகக் குறிக்கப்பட்டன. தோட்டத்தார் வழங்கும் அரிசியின் விலை புசல் ஒன்றுக்கு 6 ரூபா 40 சதம். கணக்கிட்டுப் பார்ப்பின், ஒரு புசல் அரிசிக்காக ஒரு பெண் ஏறத்தாழ 15 நாள் கொழுந்து பறித்தல் வேண்டும் என்பது பெறப்படும்.

முதற் சான்று சீனி இத்துணை, பழம் இத்துணை என்று அளந்து கூறுகின்றது. இரண்டாஞ் சான்று அவற்றை வாங்கும் ஆற்றல் யாருக்கு இருந்தது என்பதைச் சொல்லாமற் சொல்கின்றது. லயத்துப் பெண்ணுக்குச் சுவையறிவு குறைந்திருக்கவில்லை. சீனி வாங்கும் காசே குறைந்திருந்தது. ஆதலால் அவள் அம்மியில் நாள்தோறும் அரைபட்டது புளியும் செத்தல் மிளகாயும் உப்புமே. இனிப்பு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரியதாயிற்று. மலையகத்தார் காரத்தையே விரும்புவர் என்று சிலர் இயல்பாகக் கூறுவதுண்டு. விருப்பம் என்று நாம் கருதுவது பலவிடத்தும் கூலியின் அளவேயாகும் என்பதை அவர் அறிதல் நன்று.

செய்முறையும் அதன் காரணமும்

இனி, இச்சட்னியை இல்லத்தில் ஆக்கும் முறையைக் கூறுவாம். விதை நீக்கிய பேரீச்சம்பழம் 500 கிராம், உலர்ந்த திராட்சை 150 கிராம், வெல்லம் 250 கிராம், வினாகிரி 300 மில்லிலீற்றர், புளி 50 கிராம், இஞ்சி 50 கிராம், வெள்ளைப்பூண்டு 25 கிராம், செத்தல் மிளகாய் எட்டு, கடுகு இரண்டு தேக்கரண்டி, உப்பு இரண்டு தேக்கரண்டி, கறுவா ஒரு துண்டு, கராம்பு நான்கு ஆகியன வேண்டும்.

பழங்களைச் சிறு துண்டுகளாக அரிந்து வினாகிரியில் ஓரிரவு ஊறவைத்தல் முதற் செயல். திம்புள்ள போன்ற உயர்நிலத்தில் இஃது இன்றியமையாதது. ஏனெனில், 1,400 மீற்றர் உயரத்தில் நீர் 100 பாகையில் அன்றி ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதிக்கும். ஆகவே கடின உணவுகள் மெல்லவே வேகும். மறுநாட் காலையில் மிளகாய், கடுகு, இஞ்சி, பூண்டு ஆகியவற்றைச் சிறிது வினாகிரி தெளித்து அம்மியில் அரைத்தல் வேண்டும். நீர் சேர்த்தல் ஆகாது. புளியைச் சிறிதளவு வெந்நீரிற் கரைத்து வடித்து, வெல்லமும் உப்பும் சேர்த்து, மண்சட்டியிலோ எனாமல் பூசிய பாத்திரத்திலோ காய்ச்சுக. செம்பு, பித்தளைப் பாத்திரங்களைப் புளிப்பு அரிக்குமாதலின் அவை விலக்கத்தக்கன. வெல்லம் கரைந்தபின் ஊறிய பழமும் அரைத்த கூட்டும் கறுவாவும் கராம்பும் இட்டு, இளந்தீயில் அடிபிடியாது துழாவிக்கொண்டிருத்தல் வேண்டும். அகப்பையால் சட்டியின் அடியிற் கோடு இழுத்தால், அக்கோடு உடனே மூடாது சிறிதுநேரம் நிற்பதே பதம்.

கொதிநீரிற் சுட வைத்து ஈரமற உலர்த்திய போத்தலில் இதனைச் சூட்டோடு நிரப்பி இறுக மூடுக. வெல்லமும் சீனியும் பண்டத்திலுள்ள நீரைத் தம்பால் ஈர்த்துப் பிடிப்பதாலும், புளிப்பு நுண்ணுயிர்களைத் தடுப்பதாலும் சட்னி கெடாது நிற்கின்றது. ஆனி முதல் ஆவணி வரை திம்புள்ளயிற் பெய்யும் தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் ஈர அகப்பை பட்ட போத்தலை விரைவிற் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். ஆகையால் தை, மாசி மாதங்களின் வறண்ட நாட்களே இதனை ஆக்குதற்கு ஏற்றவை. திம்புள்ளத் தேயிலை நறுமணம் மிகப் பெறுவதும் அந்நாட்களிலேயே என்பது குறிப்பிடத்தக்கது. ஆக்கிய சட்னியை இரண்டு வாரம் தொடாது வைத்தால் காரமும் புளிப்பும் இனிப்பும் தம்முள் இணங்கி ஒரு சுவையாகும்.

பிற்கால மாற்றங்கள்

1942 இல் பர்மா யப்பானியர் வசமானபின் அரிசி வரவு குன்றியது. பங்கீட்டு முறையில் கோதுமை மா தோட்டங்களுக்கு வந்தது. ரொட்டியும் அதற்குத் தொட்டுக்கொள்ளும் சம்பலும் நிலைபெற்றன. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30 ஆம் நாள் செய்யப்பட்ட சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை, 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகுத்தது; எஞ்சிய 150,000 பேரைப்பற்றிய முடிவு 1974 வரை ஒத்திவைக்கப்பட்டது. எண்களாக எழுதப்பட்டவை குடும்பங்கள். ஒரே அடுப்பில் உண்ட உடன்பிறந்தாருள் ஒருவர் இங்கிருக்க மற்றவர் கப்பலேறினர். நீலகிரிக்குச் சென்றோர் ஆங்கும் தேயிலையையே பறித்தனர். இங்குப் பழகிய சுவையை ஆங்கும் ஆக்கினர். சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் பாட்டன் காலத்தில் வந்த கைப்பக்குவம், இலங்கைக் கறுவாவும் வினாகிரியும் தோய்ந்து, பேரன் காலத்தில் மீண்டும் கடல் கடந்தது.

1975 இல் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிலங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியாரிடம் சென்றது. துரை மாறினார், லயங்கள் பல இன்றும் மாறவில்லை. எனினும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பங்களா மேசைக்கே உரியதாயிருந்த உலர்பழச் சட்னி, நகரக் கடைகளில் எவரும் வாங்கும் பண்டமாயிற்று. அதனை ஆக்கிய கைகளின் வழிவந்தோர் இன்று தம் பண்டிகைக்குத் தாமே அதனை ஆக்கவும் கூடும்.

முடிவுரை

2023 ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் கால்நடையாகச் சென்றனர். முன்னோர் நடந்த வழியை மீட்டும் நடந்தறிதல் சிறந்த வரலாற்றுப் பணியே. முன்னோர் அரைத்த பக்குவத்தை எழுதிவைத்தலும் அதனோடொத்த பணியாம். தோட்டத்தின் செக்ரோல் ஒரு பெண் எத்தனை நாள் வேலை செய்தாள் என்பதைப் பதிந்து வைத்தது; அவள் என்ன அறிந்திருந்தாள் என்பதைப் பதியவில்லை. அவ்வறிவு அப்பாயிமார், அம்மாயிமாரின் கையிலும் நாவிலும் இன்னும் எஞ்சியுள்ளது. அவர்கள் மறையின் அதுவும் மறையும்.

ஆதலின் மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு வீடு செல்லுங்கால் ஒரு குறிப்பேட்டையும் உடன்கொண்டு செல்மின். அடுப்பருகே அமர்ந்து, அளவைக் கேளுங்கள். "கைப்பிடி" என்று விடை வருமாயின், அக்கையையே அளந்தெழுதுங்கள். யார் கற்பித்தார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதையும் மறவாது வினவுங்கள். பெயரில்லாது போன அந்தச் சமையற்கலைஞரின் பெயர்களுள் ஒன்றேனும் அவ்வேட்டில் இடம்பெறின், மலைநாட்டு வரலாற்றில் எழுதப்படாத பக்கங்களுள் ஒன்று எழுதப்பட்டதாகும்.