தபால்காரரின் இருமல்

கடிதம் வரவில்லையே என்று கவலைப்படுகிறோம். கடிதம் கொண்டு வருகிறவர் இருமுகிறாரே என்று கவலைப்படுகிறோமா? அவர் மழையில் நனைந்து வந்தால் அனுதாபமாக ஒரு வார்த்தை சொல்வோம். நாள் முழுவதும் எந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு நடக்கிறார் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. அப்படி நினைத்துப் பார்த்த வைத்திய ஆராய்ச்சியாளர் ஒருவர் லண்டனில் இருந்தார். டொனால்டு ரீட் என்று பெயர்.

நிலக்கரிப் புகை லண்டனுக்குப் பழைய விருந்தாளி. 1661-லேயே ஜான் ஈவ்லின் என்பவர் அதைக் கண்டித்து ஒரு சிறு நூல் எழுதி இரண்டாம் சார்லஸ் மன்னருக்குச் சமர்ப்பித்தார். நூல் அச்சாயிற்று, புகை நிற்கவில்லை. 1952 டிசம்பர் 5-ஆம் தேதி முதல் 9-ஆம் தேதி வரை காற்றே அசையவில்லை. மேலே வெப்பக் காற்று ஒரு மூடிபோல் கவிந்துகொண்டது. வீட்டுக்கு வீடு கணப்புகளில் எரிந்த நிலக்கரியின் கரியும் கந்தகப் புகையும் மேலே போக வழியில்லாமல் மூடுபனியோடு கலந்து அமிலமாக மாறின. பஸ்ஸுக்கு முன்னால் கண்டக்டர் விளக்கேந்தி நடந்து வழி காட்ட வேண்டியிருந்தது. சில வாரங்களுக்குள் சுமார் 4,000 பேர் அதிகமாக இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் 12,000 வரை சொன்னார்கள். 1956-ல் பார்லிமெண்ட் தூய காற்றுச் சட்டத்தை நிறைவேற்றியது.

ஆயிரக்கணக்கில் பிணம் விழுந்தால் பார்லிமெண்டின் காதில் விழும். முப்பது வருஷம் தெருவில் நடந்து, வருஷத்துக்குக் கொஞ்சமாக மூச்சை இழக்கிறவனுடைய சங்கதி யார் காதில் விழும்?

ரீட் தபால் இலாகாவின் லீவுப் பதிவுகளைப் புரட்டினார். யார் என்ன வியாதிக்காக எத்தனை நாள் வரவில்லை, யார் உடம்பு முடியாமல் முன்னதாகவே ஓய்வு பெற்றார் என்பதெல்லாம் அவற்றில் இருந்தன. நாடு முழுவதும் தபால்காரர்களுக்கு ஏறக்குறைய ஒரே வேலை, ஒரே மாதிரிச் சம்பளம், ஒரே விதிகள். ஊருக்கு ஊர் மாறுவது பெரும்பாலும் காற்றுதான். 1958-ல் அவரும் அவருடைய சகாவும் வெளியிட்ட முடிவு தெளிவாக இருந்தது: புகைமூட்டம் மிகுந்த பகுதிகளில், மார்ச்சளி நோயால் வேலையை இழந்த தபால்காரர்களும் இறந்தவர்களும் அதிகம்.

காரணம் விளங்காததல்ல. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிஷத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்றை இழுக்கிறார். மூட்டையோடு நடப்பவர் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு இழுக்கிறார். மூச்சு வாங்கும்போது வாயாலும் இழுப்பதால், மூக்கு வடிகட்ட வேண்டிய கரித்தூள் நேரே மார்புக்குள் போய்விடுகிறது.

புகைபிடிக்கும் பழக்கம்தான் காரணம் என்று சிலர் சொல்லக்கூடும். 1965-ல் வால்டர் ஹாலண்டும் ரீடும் அதையும் சோதித்தார்கள். லண்டன் தபால் வண்டி ஓட்டுநர்களை, கிளஸ்டர், பீட்டர்பரோ, நார்விச் ஆகிய சிறு நகரங்களின் ஓட்டுநர்களோடு ஒப்பிட்டார்கள். சிகரெட் கணக்கைக் கழித்த பிறகும் லண்டன்காரர்களுக்குச் சளி அதிகம். மூச்சின் வலு குறைவு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த லீவுப் பதிவுகளை யாரும் இரக்கத்தினால் எழுதி வைக்கவில்லை. சம்பளக் கணக்குக்காக எழுதியவை அவை. குமாஸ்தாவின் பேனாவே கடைசியில் தபால்காரருக்குச் சாட்சி சொன்னது. அதே தெருவில் பத்திரிகை விற்றவனும் மூட்டை சுமந்தவனும் அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள். அவர்கள் வராவிட்டால் கூலியில்லை, அவ்வளவுதான், பதிவு ஏது?

இன்று நகரத்தின் மாசு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தலைமயிரின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு கூட இல்லாத துகள்கள் இரத்தம் வரைக்கும் போகின்றன. 2013-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், வெளிக்காற்றின் மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று அறிவித்தது. சந்திப்பில் நிற்கும் போலீஸ்காரருக்காவது ஒரு லீவுப் பதிவு இருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் பூ விற்கிறவளுக்கு இல்லை. ரீட் தொடங்கிய வேலையில் பாதி அங்கேதான் மிச்சமிருக்கிறது.