பதுளைத் தேவாலயத்து நினைவுக்கல்லும் இருபத்தொரு இறாத்தல் துவக்கும்

பதுளை நகரின் புனித மாற்கு தேவாலயத்துள் நினைவுக்கல் ஒன்று உண்டு. இலங்கை ரைபிள் படைப்பிரிவின் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ், பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தவர். 1845 யூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார் என்று அக்கல் கூறும். தேவாலயமே அவர் நினைவாக எழுந்ததுதான். ஆனால் ஊவா மக்களின் நினைவில் அவர் நிற்பது பதவிகளால் அன்று. 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் அவர். இந்த எண்ணிக்கையை, குடியேற்றநாட்டுச் செயலாளராக விளங்கிய எமர்சன் ரெனன்ற் தம் நூலிலேயே பதிந்திருக்கிறார்.

ஒரு மனிதரால் இது எப்படி இயன்றது? குறி தவறாத கை என்பதே வழக்கமான விடை. பத்திரிகைப் பணியில் மலையகச் செய்திகளைப் பல்லாண்டு திருத்திய நான், அவ்விடையை அப்படியே ஏற்பதில்லை. துவக்கையும் சற்றுப் பார்க்கவேண்டும்.

அதற்கு நல்ல சான்று, சில ஆண்டுகள் கழித்து நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர். பின்னாளில், 1864இல், ஆபிரிக்காவில் அல்பேட் ஏரியைக் கண்டு புகழ்பெற்றவரும் இவரே. பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் என்ற துவக்குத் தொழிலாளரிடம் 1840இல் தமக்கெனச் சொல்லிச் செய்வித்த ரைபிளைப் பற்றி அவர் விரிவாக எழுதியுள்ளார். எடை 21 இறாத்தல். ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ. குழலின் நீளம் 36 அங்குலம். குண்டு மூன்று அல்லது நான்கு அவுன்ஸ். வெடிமருந்து மட்டும் ஒரு முழு அவுன்ஸ். அக்கால வழக்கத்துக்கு இது மிகப் பெரிய அளவாகும்.

குழலுள் வெட்டப்பட்ட புரிகள் குண்டைச் சுழற்றுவதால் அது நேராகச் செல்கிறது. மருந்து மிகுந்தால், மென்மையான ஈயக் குண்டு புரியைப் பற்றாமல் வழுக்கிவிடும், குறி சிதறும். ஆகவே குழலில் ஆழமான இரண்டு புரிகள் வெட்டினர். அவற்றில் பொருந்துமாறு இடுப்பில் பட்டி கட்டியதுபோன்ற குண்டை வார்த்தனர். பேக்கர் பின்னர் நைல் பயணத்தில் ஈயத்தோடு பத்திலொரு பங்கு பாதரசம் கலந்து குண்டைக் கடினமாக்கினார். ஒவ்வொரு குழலுக்கும் அளவு வேறு. அதனால் துவக்கோடு குண்டு வார்க்கும் அச்சையும் சேர்த்தே கொடுப்பார்கள். ஈயம் உருக்குவதும் மருந்து அளப்பதும் வேட்டைக்காரரின் அன்றாட வேலை. இன்று மேலைநாடுகளில் சிலர் பொழுதுபோக்காகக் கையாலேயே தோட்டா நிரப்புகிறார்களே, அன்று அதுவே ஒரே வழி.

இத்தனை நுட்பமும் நெடுந்தூரம் சுடுவதற்காகவா எனில், இல்லை. யானையின் மூளை சிறியது. தேன்கூடு போன்ற எலும்பறைகளுக்குப் பின்னே மறைந்திருப்பது. அதை எட்ட, சில கவடு தூரத்துக்கு நெருங்கியே சுடவேண்டும். வாய்வழி இடித்து நிரப்பும் துவக்கை மறுபடி நிரப்ப நேரமிராது. எனவே நிரப்பிய துவக்குகளோடு பின்னால் ஆட்கள் நிற்பர். தடம் பார்த்தவர், துவக்கைச் சுமந்தவர், மதயானைமுன் ஓடாமல் அடுத்த துவக்கை நீட்டியவர் எல்லாரும் இந்நாட்டவர். எண்ணிக்கையோ துரையின் கணக்கில் ஏறியது.

அரசும் தூண்டுகோலாக நின்றது. யானைத் தலைக்குச் சன்மானம் கொடுத்தது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குள் 3,500 யானைகளும், தென்மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2,000 யானைகளும் இவ்வாறு கொல்லப்பட்டன என்று ரெனன்றே எழுதுகிறார். அதே காலத்தில்தான் மலைக்காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் பரவின. மன்னார் வழியே நடந்துவந்த நம் முன்னோர் அத்தோட்டங்களில் உழைத்தனர். அவர்களுடைய உயிர்களுக்கும் பதுளையில் கல் நாட்டியவர் இல்லை.

வாய்வழி நிரப்பும் துவக்கு இன்னும் மறையவில்லை. வன்னியில் அதனை இடியன் துவக்கு என்பர். உள்ளூரில் செய்யப்படும் அதில் புரியும் இல்லை, அளவும் இல்லை. 1937ஆம் ஆண்டுச் சட்டம் யானைக்குப் பாதுகாப்பு அளித்தும், 2023இல் நாடு முழுவதும் 450க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. துவக்குச் சூடும் முக்கிய காரணங்களுள் ஒன்று. காயத்தோடு அலைந்து, சீழ்பிடித்துப் பல நாள் கழித்துச் சாகும் யானைகளும் உண்டு. யானையால் உயிரிழக்கும் மனிதரும் பலர்.

பயிரைக் காக்க இடியன் ஏந்தும் ஏழை விவசாயியைக் குற்றவாளி என்கிறோம். சரிதான். விளையாட்டுக்காக 1,400ஐக் கொன்றவரை எந்தப் பெயரால் அழைப்பது? மொனராகலையிலும் பதுளையிலும் யானைவேலி பற்றி விவாதிக்கும் அன்பர்கள் அந்தக் கல்லையும் ஒருமுறை வாசித்துவிட்டுப் பேசினால் நல்லது.